பெயர் வெட்டிய டம்ளர்

கெலவரப்பள்ளி அணையின் கால்வாய் ஓரமாகத் திம்மராயன் வீடு இருக்கிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவருடைய ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் கூரை போட்ட மூன்று பாலிஹவுஸ்கள், அவற்றுக்கு முன்னால் பூவைத் தரம் பிரித்துக் கட்டும் கொட்டகை. வீட்டு மாடியில் பூ அனுப்பும் அட்டைப் பெட்டிகள் அடைத்து வைத்திருந்த அறை ஒன்று உண்டு. வைகாசி மாதத்தில் அவர் மகள் காவியா அந்தப் பெட்டிகளையெல்லாம் கொட்டகைக்கு இறக்கிவிட்டு, அறையின் சுவரில் ஒரு விமானத்தின் காக்பிட்டை ஒட்டினாள்.

அது ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கிற கடையில் அச்சான ஃப்ளெக்ஸ். கடைக்காரர் கணினியில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யார் போட்டோ வெக்கணும் பாப்பா? மாப்பிள்ளை எங்க நிக்கறாரு?" என்று கேட்டார். "யாரும் இல்லண்ணா, பட்டன் மட்டும் தெளிவா வரணும்" என்றாள் காவியா. தலைக்கு மேலே இருக்க வேண்டிய சுவிட்சுப் பலகையைத் தனியாக அச்சடித்து, துணி காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டாள். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை விமானி.

விமானம் ஓட்டும் உரிமம் வாங்கி வந்து நான்கு ஆண்டுகளாக அவளுக்கு வேலை அமையவில்லை. காலையில் கொட்டகையில் நின்று ரோஜாவின் காம்பு நீளம் பார்த்தாள். மாலையில் பாடத்தைத் திறந்தாள். விசேஷ வீடுகளில், "பிளேன் ஓட்டற பொண்ணு வந்துட்டா, பிளேனை எங்க நிறுத்தின?" என்று கேட்டவர்களிடம் சிரித்து வைத்தாள். அப்புறம்தான் ஒரு விமான நிறுவனத்தின் தேர்வுக்குப் போனாள்.

தேர்வில் இடது இருக்கையில் உட்கார்ந்தவர் கேப்டன் சௌந்தரராஜன். நரைத்த தலை, அதிகம் பேசாத மனிதர். தரையிலேயே பறக்கப் பழக்கும் சிமுலேட்டரில் பாதி வழியில், வேண்டுமென்றே விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவ விட்டார். உயரம் குறைவதைக் காவியா பார்த்தாள். "உயரம்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். துணை விமானியின் வேலையே அதுதான். அவள் அவருடைய நரையைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். சொல்லவில்லை. அவரே சரிசெய்து கொண்டார்.

இறங்கி வந்த பிறகு அவர் சொன்னார்: "உங்க கண்ணு நல்லாப் பாக்குதும்மா. வாய்தான் திறக்க மாட்டேங்குது. எடுத்துக்கறோம். ஆனா அதைச் சரிபண்ணிட்டுத்தான் பயிற்சிக்கு வரணும். முதல் சோதனையில நான் பாக்கப்போறது அது ஒண்ணைத்தான். அன்னிக்கும் இப்படியே இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

வீட்டில் அவள் 'எடுத்துக்கறோம்' என்பதை மட்டும் சொன்னாள்.

புதிதாகச் சேர்கிறவர்களை அந்த நிறுவனம் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கண்காணிக்க வேண்டும். இருவரும் சேர்ந்தே தேற வேண்டும். காவியாவுக்கு வாய்த்தவன் பிரகாஷ். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். அரசு உதவித்தொகையில் பறக்கக் கற்றவன். அவனும் காத்திருந்தவன்தான், காத்திருந்த காலத்தில் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் தங்கியிருந்த அறையில் எந்த நேரமும் ஒருவராவது ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாய்விட்டுப் படிக்க முடியாது. இந்தப் படிப்போ வாய்விட்டுத்தான் படித்தாக வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லுக்கு எது பதில், கை எந்த வரிசையில் எந்தச் சுவிட்சுக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சிக்குப் போகும் முன்பே மனப்பாடம் செய்துகொண்டு வரச்சொல்லியிருந்தார்கள்.

"எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது, வந்துடு" என்று காவியா போனில் சொன்னாள்.

முதல் நாள் அவன் வண்டியைக் கொட்டகை ஓரம் நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தான். காவியாவின் அம்மா நஞ்சம்மா டீ கொண்டுவந்தாள். அந்த வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. அண்டாவில் திம்மராயன், சீர் வந்த தட்டுகளில் நஞ்சம்மா, காதுகுத்துக்கு மாமன் வைத்த டம்ளரில் காவியா. அன்று பிரகாஷுக்கு வந்த டம்ளரின் விளிம்பில் 'தி. நஞ்சம்மா' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"எந்த ஊரு தம்பி?"

"ஊத்தங்கரை பக்கம்மா."

"ஊத்தங்கரையில எங்க? எங்க சின்ன மாமனாரு பொண்ணு குடுத்தது அங்கதான்."

ஊர்ப் பெயரைச் சொன்னான்.

"அட, ரோட்டு மேலயே மாரியம்மன் கோயிலு இருக்குமே! கோயிலுக்கு எந்தப் பக்கம் உங்க வூடு?"

பிரகாஷ் டம்ளரைக் கீழே வைத்தான். "கோயிலைத் தாண்டிப் போவணும்மா. காலனி."

"ஓ" என்றாள் நஞ்சம்மா. சிரித்த முகம் மாறவில்லை. "நல்லது தம்பி. படிங்க, படிங்க."

மறுநாள் தட்டில் காவியாவுக்கு அவள் பெயர் வெட்டிய டம்ளர் வந்தது. பிரகாஷுக்குப் பச்சை இலைப் படம் போட்ட காகிதக் கப்.

காவியா அதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாவகாசமாக, "கழுவற வேலை மிச்சம்" என்றாள், யாரும் கேட்காமலே. காவியா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிற்பாடு அவளை அதிகம் சுட்டது அந்தத் தலையாட்டல்தான்.

பிரகாஷ் டீயைக் குடித்துவிட்டு, கீழே இருந்த குழாயில் கப்பை அலசி, நான்காக மடிக்காமல் அப்படியே பையின் பக்கவாட்டு அறையில் செருகிக்கொண்டான். தினமும் அப்படித்தான். குப்பைக்கூடை அறையிலேயே இருந்தது. அவன் அதில் போட்டதில்லை.

படிப்பு நன்றாகத்தான் நடந்தது. இவள் ஓட்டினால் அவன் கண்காணிப்பான். அவன் ஓட்டினால் இவள். ஓட்டுகிறவர் இடையிடையே வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்ய வேண்டும், மற்றவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு விதி இருந்தது. தப்பைப் பார்த்தால் ஒரு முறை சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுமுறை சொல்ல வேண்டும். அப்போதும் பதில் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பெரிய கேப்டனானாலும் சரி, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். காவியா சுவர் விமானத்தில் ஒரு தப்பையும் விடவில்லை. வேகம் என்றாள், சாய்வு என்றாள், உயரம் என்றாள். "இன்டர்வியூல வாயே திறக்கலேன்னியே, இப்ப மூச்சு விட விட மாட்டேங்கறியே" என்று பிரகாஷ் சிரித்தான். கேப்டன் சொன்னதை அவனிடம் மட்டும் அவள் சொல்லியிருந்தாள்.

அவள் வாய் அடைத்துப்போனது டீ வரும் நேரத்தில்தான். தினமும் அந்த நேரம் நெருங்கும்போது அவள் முதுகு விறைத்துக்கொள்ளும். தட்டு வரும். தன் டம்ளரைப் பெயர் தெரியாதபடி திருப்பிப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் பேசிவிட வேண்டும் என்று நினைப்பாள். சாயங்காலம் அம்மா பூக்கட்டுகளுக்குச் சணல் வெட்டிக்கொண்டிருப்பாள், அல்லது அப்பா பக்கத்தில் இருப்பார், அல்லது அம்மாவுக்குத் தலைவலியாக இருக்கும். பேசாததற்கு ஒரு காரணம் கிடைக்காத நாளே இல்லை.

ஒருநாள் டீ வரவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று நஞ்சம்மா கீழே இருந்த கணவரிடம் பேசியது அறைக்குள் நன்றாகக் கேட்டது. அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. கப்பு தீர்ந்துபோயிற்று, கடைக்கு ஆள் அனுப்பு, வரும்வரை அந்தப் பையன் காத்திருக்கட்டும், நான் என் டம்ளரில் ஊற்றித் தர மாட்டேன், ஏற்கெனவே ஒன்று போச்சு. ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். புரியாதவன் முன்னால் பேசுகிற தைரியம்.

பிரகாஷ் ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு சுவிட்சு வரிசையை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். காவியா அவனுக்குப் புரியவில்லை என்று நம்பினாள்; நம்புவது சுலபமாக இருந்தது. அன்றைக்கு டீ வெகு நேரம் கழித்து வந்தது. புறப்படும்போது அவன் வாசலில் நின்ற நஞ்சம்மாவைப் பார்த்து, மரியாதையாக, "வஸ்தானம்மா" என்றான். போய்விட்டு வருகிறேன் என்று நல்ல தெலுங்கில்.

நஞ்சம்மாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. வண்டிச் சத்தம் ஓய்ந்ததும், "அந்தப் பையனுக்குத் தெலுங்கு வருமாடீ?" என்றாள்.

"சிப்காட்ல அவன் லைன்ல பாதிப் பேரு ஆந்திரா குப்பத்துக்காரங்கம்மா."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன!"

அம்மாவுக்கு வருத்தம் தான் பேசியதைப் பற்றி இல்லை, அது அவனுக்குப் புரிந்துவிட்டதைப் பற்றித்தான் என்று காவியா மனசுக்குள் குறை சொன்னாள். தன்னுடைய வருத்தமும் அதேதான் என்பது படுக்கையில் புரண்டபோது தெரிந்தது.

அடுத்த வாரம் பிரகாஷ் ஒரு பையைக் கொண்டுவந்து கவிழ்த்தான். உள்ளே நான்கு கறுப்புக் குமிழ்கள். வேகம், திசை, உயரம், ஏறும் இறங்கும் வீதம் ஆகியவற்றைத் திருகி வைக்கிற குமிழ்கள் அவர்கள் ஓட்டப்போகும் விமானத்தில் நடுவில் இருக்கும். அழுத்தினால் விமானத்தின் கணினி பார்த்துக்கொள்ளும். வெளியே இழுத்தால் விமானி சொன்னபடி கேட்கும். தொழிற்சாலையில் மிஞ்சிய இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, உள்ளே பேனா ஸ்பிரிங் வைத்து, இழுத்தால் வரவும் அழுத்தினால் போகவும் செய்திருந்தான். ஃப்ளெக்ஸில் அந்தந்த இடத்தில் ஒட்டினான்.

"காயிதத்துல விரல் வெச்சுப் பழகினா அங்க போயித் தடுமாறும். கை ஒருக்கா பழகிடுச்சுன்னா மறக்காது. இழுத்துப் பாரு."

காவியா உயரக் குமிழை இழுத்தாள். டேப் மூடாத உள்விளிம்பில் பச்சை இலை தெரிந்தது.

"இது எங்க வீட்டுக் கப்பு."

"ஆமா. கழுவித்தான் வெச்சிருந்தேன்" என்றான். குரலில் குத்தல் இல்லை. "சரி, ஆரம்பத்துல இருந்து போலாம். நீ ஓட்டு."

குத்தல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முதல் உயரத்தை மாற்றும்போதெல்லாம், திசையைத் திருப்பும்போதெல்லாம் அவள் விரல்கள் அந்தக் கப்புகளைப் பிடித்தன.

பயிற்சிக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நஞ்சம்மாவின் அண்ணன் வெங்கடசாமி பாரூரிலிருந்து ஒரு மூட்டை மாங்காயோடு வந்தார். மருமகள் ஏரோப்பிளேன் ஓட்டுவதைப் பார்க்காமல் போவதில்லை என்றார். திம்மராயன் அவரைப் பெருமையோடு மாடிக்கு அழைத்து வந்தார். அப்போது காவியா ஓட்டிக்கொண்டிருந்தாள், பிரகாஷ் கண்காணித்துக்கொண்டிருந்தான். தரையிறங்கப் போகும் கட்டம்.

"அடேங்கப்பா, கலெக்டர் ஆபீஸ் மாதிரி இருக்குதே!" என்றார் வெங்கடசாமி. "துணி காயற கயித்துல என்ன மச்சான், இதுவும் பிளேனா?"

"அது கூரை மாமா" என்றாள் காவியா, திரும்பாமல்.

"கூரையைக் கயித்துல கட்டி ஓட்டறாங்களா! நான் பஸ்லயே போய்க்கறேன்டியம்மா." சிரித்து முடித்தவர் கண் பக்கத்து நாற்காலிக்குப் போயிற்று. "இந்தத் தம்பி யாரு?"

காவியாவின் கை வேகக் குமிழில் இருந்தது. என்னோடு சேர்ந்தவன், என்னைப்போலவே தேர்வானவன், என் ஜோடி விமானி. மூன்றில் எதைச் சொன்னாலும் போதும்.

"அவன் சிப்காட் பையன்" என்றார் திம்மராயன். "பாப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வர்றான். அவ சொல்றதுக்குப் பதில் சொல்லிகினு இருக்க ஒரு ஆள் வேணுமில்ல."

"நல்லதாப் போச்சு. சம்பளமா?"

"அதெல்லாம் இல்ல. பழக்கத்துக்கு."

பிரகாஷ் அவள் பக்கம் திரும்பினான். கோபமாகப் பார்க்கவில்லை, பயிற்சியில் பதிலுக்குக் காத்திருக்கும்போது எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்த்தான். அவள் ஃப்ளெக்ஸைப் பார்த்தபடி இருந்தாள். அடுத்துச் செய்ய வேண்டியது எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை.

"ஸ்பீடு" என்றான் பிரகாஷ்.

அவள் கை குமிழிலேயே இருந்தது.

"காவியா, ஸ்பீடு."

மாமா மாங்காய் மணக்கும் கையால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று பிரகாஷ் தன் பக்கத்துக் கைப்பிடியின் படத்தில் கை வைத்தான். மீதி வேலை முழுவதையும் அவனே தெளிவான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லி, விமானத்தைத் தரையிறக்கி நிறுத்தினான்.

வெங்கடசாமி கைதட்டினார். "மச்சான், உன் பொண்ணை விட ஒத்தாசைக்காரன் நல்லா ஓட்டறான்யா!"

திம்மராயனும் சிரித்தார். பிரகாஷ் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அன்றைக்கு டீ வந்தபோது அவன் இல்லை. தட்டில் இருந்த காகிதக் கப்பைக் காவியா எடுத்துக் குடித்தாள். யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் குடிக்க முடிந்தது.

'ரெண்டு மூணு நாளு நான் தனியாப் பாத்துக்கறேன்' என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு செய்தி இல்லை. அவள் போன் செய்தாள், எடுக்கவில்லை. நான்காம் நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிப்காட் பக்கம் போனாள்.

அவன் அறைக்குள் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் படுக்கும் இரும்பு அடுக்குக் கட்டிலில் மேல்தட்டின் அடியில், படுத்தபடி பார்ப்பதற்குத் தோதாக, சுவிட்சுப் பலகையைக் கையால் வரைந்து ஒட்டியிருந்தான். வெளியே வந்து தெருமுனை டீக்கடையில் நின்றார்கள். கடைக்காரர் இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வைத்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"அன்னிக்கு அப்பா சொன்னதுக்கு."

"உங்கப்பா சொன்னதுக்கு நீ ஏன் கேக்கற? அவரு என்னவோ சொன்னாரு. நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணியும் சொல்லல."

"அதுக்குக் கேளு."

அவள் வாயைத் திறந்தாள். கேட்க வரவில்லை. அவன் டீயை ஊதிக் குடித்தான்.

"முத நாளு வண்டியை நிறுத்தறப்பவே உங்க ஷெட்டு ஜன்னல்ல டம்ளர் வரிசையைப் பாத்துட்டேன். வேலைக்கு வர்றவங்களுக்குத் தனியா. எங்கம்மா மாங்கூழ் கம்பெனிக்குப் போறதுக்கு முந்தி அப்படி ஒரு ஜன்னல்ல குடிச்சவதான். அதனால கப்பு வந்தப்ப நான் திகைக்கல. நீ பாத்த. பாத்துட்டுத் தலையை ஆட்டின."

"அம்மாகிட்டப் பேசணும்னு தெனமும் நெனைச்சேன்."

"நெனைச்சது எனக்கு எப்படித் தெரியும்? நெனைக்கறதைக் கேக்கற மெஷின் எந்த பிளேன்லயும் இல்ல." டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தான். "எனக்கு டீ ஒரு பிரச்சனை இல்ல காவியா. நான் என் பக்கம் பாத்துகினு இருக்கேன். உன் பக்கம் ஒரு தப்பு நடக்குது. நீ அதைப் பாக்கற. சொல்லுவியா, மாட்டியா? அது எனக்குத் தெரியல. கேப்டன் கேட்டதும் இதையேதான். மேல போனப்புறம் இதை யோசிச்சுகினு இருக்க முடியாது."

"நாளைக்கு வர்றியா?"

"வருவேன். எனக்குச் சுவரு வேணும், பார்ட்னர் வேணும். அதுக்காக வருவேன்." டீக் காசை அவனே கொடுத்தான்.

அன்று மாலை அவள் அம்மாவிடம் பேசினாள். சணல் வெட்டுகிற கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பேசினாள். பிரகாஷுக்கும் தன்னைப் போலவே டம்ளரில் டீ தர வேண்டும் என்றாள்.

நஞ்சம்மா சத்தம் போடவில்லை. "மேல போயி ஏரோப்பிளேனு ஓட்டு, நான் வேணாங்கல. கீழ வந்து என் அடுப்பங்கரையை ஓட்டாத."

"அவனும் நானும் ஒரே வேலைம்மா."

"வேலை ஒண்ணா இருக்கலாம். உனக்கு நாளைக்கு வரன் பாக்கணும். மாமா பாத்துட்டுப் போயிருக்கான், பாரூர் பூரா சொல்லுவான்." பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "சரி போ. டம்ளர்லயே தரேன். உன் சந்தோஷம்" என்றாள்.

அவ்வளவு சுலபமாக முடிந்ததில் காவியாவுக்கு ஆச்சரியம். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

பிரகாஷ் சொன்னபடி வந்தான். முதல் ஓட்டம் முடிந்ததும் நஞ்சம்மா தட்டோடு வந்தாள். தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். காவியாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கணம்தான். பிரகாஷ் பக்கம் வைத்த டம்ளர் புத்தம் புதுசு. கடையில் ஒட்டிய வட்ட ஸ்டிக்கரின் பசைத் தடம்கூட இன்னும் போகவில்லை. அதன் விளிம்பில் பெயர் இல்லை. வீட்டில் பெயர் இல்லாத ஒரே பாத்திரம்.

பிரகாஷ் அதைப் பார்த்தான். காவியா பார்ப்பதையும் பார்த்தான். கை நீட்டவில்லை.

"அம்மா" என்றாள் காவியா. தெலுங்கில் சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. ஒளிக்காமல் அவன் முன்னாலேயே சொன்னதாக இருக்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள். "இது தனியா வாங்கின டம்ளர்."

நஞ்சம்மா தட்டைத் துடைத்தாள்.

"அம்மா, இது தனி டம்ளர். நம்ம வீட்டு டம்ளர்ல குடு."

நஞ்சம்மா மகளைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே கால்வாயைப் பார்த்தாள்.

காவியா தன் டம்ளரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பெயர் இல்லாத டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவசரத்தில் டீ சட்டையில் சிந்தியது. நஞ்சம்மா தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். ஒவ்வொரு படியாக, மெதுவாக. கீழே பாத்திரம் உருளும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிரகாஷ் டம்ளரைத் திருப்பி, வெட்டியிருந்த பெயரைப் படித்தான். குடித்தான்.

"லேட்" என்றான்.

"தெரியும்."

"சிமுலேட்டர்ல இவ்ளோ லேட்டா சொன்னா ஃபெயில் போட்டுடுவாங்க."

"தெரியும்" என்றாள் மறுபடியும். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே அவன் தன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டான். "இன்னொருக்கா போலாம். இப்ப நான் ஓட்டறேன், நீ பாரு." அன்றைக்கு அவன் செய்த தப்புகளில் ஒன்றையும் அவள் விடவில்லை. அவன் ஒரு முறைகூடப் பாராட்டவில்லை.

பயிற்சிக்காகப் பெங்களூருக்குப் புறப்படும் நாளில், விடிந்த கையோடு காவியா தோட்டத்துக்குப் போனாள். டம்ளரை மாற்றிக் குடித்த நாளிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை; சோற்றை மட்டும் வேளைக்கு வைத்தாள். காவியாவின் டம்ளரும் இரண்டு நாட்களாக அடுக்களையில் கண்ணில் படவில்லை. அம்மா எங்கேயோ எடுத்து வைத்திருப்பாள் என்று அவள் தேடவில்லை.

கொட்டகையில் முனிலட்சுமி ரோஜாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். காவியா கைக்குழந்தையாக இருந்தபோதே அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். "கெளம்பிட்டியா பாப்பா? பத்திரமாப் போயிட்டு வா" என்றாள். அப்போதுதான் டீக்கேன் வந்தது. முனிலட்சுமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் ஒரு டம்ளரை எடுத்தாள்.

காவியா அந்த ஜன்னலைப் பார்த்தாள். நசுங்கினதும் நிறம் மங்கினதுமாக டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஓரத்தில் ஒன்று பளபளத்தது. அதன் விளிம்பில் 'காவியா' என்று இருந்தது. அதை ஒட்டி, பிரகாஷ் வந்த முதல் நாள் குடித்த டம்ளர், 'தி. நஞ்சம்மா.'

முனிலட்சுமியின் கையில் இருந்ததில் பெயர் எதுவும் இல்லை. அவள் சுவரோரம் நின்றபடி டீயைக் குடித்தாள், டம்ளரை அவளே கழுவினாள், இருந்த இடத்திலேயே கவிழ்த்தாள்.

இந்த ஜன்னலைக் காவியா நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வந்திருக்கிறாள். நான்கு ஆண்டுகள் தினமும் காலையில் இதற்கு நேர் எதிரே நின்று காம்பு அளந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்குக் காகிதக் கப் வந்தபோதுதான் அவளுக்கு முதுகு விறைத்தது. முனிலட்சுமிக்காக அது ஒருநாளும் விறைத்ததில்லை.

"என்ன பாப்பா, அப்படியே நின்னுட்ட? ஏதாச்சும் மறந்துட்டியா?" என்றாள் முனிலட்சுமி.

காவியா பதில் சொல்ல வாயெடுத்தாள். வாசலில் அப்பா காரின் ஹாரனை அடித்தார். ஜன்னலிலிருந்து தன் பெயர் வெட்டிய டம்ளரை எடுத்து, கேனிலிருந்து அவளே டீ பிடித்து, முனிலட்சுமிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்று குடித்தாள். ஹாரன் மறுமுறையும் அடித்தது. முனிலட்சுமி சங்கடத்தோடு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கக் காவியாவால் முடியவில்லை.